பூசையில் என்ன பாடுவது, எப்படிப் பாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் இருபது வருடத்துக்கு மேலாகப் பூசைக்கு (திருப்பலிக்கு) கீபோர்டு வாசிக்கிறேன், கொயரையும், அதாவது பாடகர் குழுவையும், மேய்க்கிறேன். பூசை முடிந்து வயரைச் சுருட்டும் நேரம் பார்த்துத்தான் ஆட்கள் கேள்வியோடு வருவார்கள். கல்யாண வீட்டார், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "அந்தக் காலத்துப் பூசை மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள், யூடியூபில் லத்தீன் பூசை பார்த்துவிட்டு வரும் காலேஜ் பையன்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் குருவானவர் இல்லை, திருவழிபாட்டில் பட்டம் வாங்கியவனும் இல்லை. திருச்சபை ஏடுகளைப் படித்ததும், வாசித்துக் கெடுத்ததும், கெடுத்த பிறகு திருந்தியதும்தான் என் படிப்பு.

என் பாட்டி "பாட்டுப்பூசை" என்று ஏதோ சொல்கிறார். இப்போதும் பூசையில் பாடத்தானே செய்கிறோம், அப்புறம் என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் இரண்டு விதமான பூசை உண்டு. வார நாளில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் மெல்லிய குரலில் செபிப்பார், பீடச்சிறுவன் பதில் சொல்வான், சனங்கள் பாட்டுக்கு செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டுப்பூசை அப்படியில்லை. சாமியார் தம் செபங்களையே பாடுவார், கொயர் கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி என்று பூசையின் மாறாத பகுதிகளைப் பாடும். அதாவது பூசையே பாட்டாக நடக்கும்.

இப்போது நாம் செய்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பூசையை முழுக்கப் பேச்சாக நடத்திவிட்டு இடையில் நான்கு பாட்டைச் சொருகுகிறோம்: வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு, நன்றிப் பாட்டு. அந்த நான்கையும் எடுத்துவிட்டாலும் பூசை அப்படியே நிற்கும், ஒன்றும் குறையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

அப்படியானால் எதை முதலில் பாட வேண்டும்? ஏதாவது வரிசை இருக்கிறதா?

இருக்கிறது. 1967 மார்ச் 5 அன்று உரோமையிலிருந்து வந்த 'மூசிக்காம் சாக்ரம்' என்ற அறிவுறுத்தல் பூசைப் பாடல்களை மூன்று படியாகப் பிரிக்கிறது. முதல் படியில் இருப்பவை சாமியாரும் மக்களும் மாறி மாறிச் சொல்பவை: "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பதும் அதற்கான பதிலும், சபை மன்றாட்டு, நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் வாழ்த்து, தொடக்கவுரை உரையாடல், "தூயவர் தூயவர்", நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் பெரிய ஆமென், கர்த்தர் கற்பித்த செபம். இரண்டாம் படியில் "ஆண்டவரே இரக்கமாயிரும்", "உன்னதங்களிலே", விசுவாச அறிக்கை, "உலகின் பாவம் போக்கும்" ஆகியவை. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு எல்லாம் மூன்றாம் படி. முதல் படி இல்லாமல் மற்ற இரண்டு படிகளைப் பாடக் கூடாது என்றே அதில் எழுதியிருக்கிறது.

நாமோ மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு முதல் படியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாமியார் "ஆண்டவர் உங்களோடு" என்று பேச்சில் சொல்கிறார், நாமும் பேச்சிலேயே முனகுகிறோம், உடனே கீபோர்டில் டிரம்ஸ் எழும்பி ஆறு நிமிடத்துக்குக் காணிக்கைப் பாட்டு ஓடுகிறது. சாமியார் கை கழுவி முடித்துப் பீடத்தில் காத்து நிற்கிறார், நாங்களோ இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இடையிசை வாசித்துக்கொண்டிருக்கிறோம். பல வருடம் நானே இதைச் செய்திருக்கிறேன்.

எனக்குப் புத்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. மரம், கம்பம், கூரை எல்லாம் விழுந்து கிடந்தது, கரண்ட் எப்போது வரும் என்று கேட்க ஆளில்லை. இரண்டு நாள் கழித்து ஞாயிறு, ஜனவரி 1, மாதா திருநாள், புத்தாண்டுப் பூசை. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்தால் அதை வீட்டு மோட்டாருக்கு ஊற்றவே போதவில்லை. எங்களுக்கு அப்போது ஒரு வயதான சாமியார். மைக் இல்லாமல் பேசினால் பின் வரிசைக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, சிலுவை அடையாளத்திலிருந்தே பாடத் தொடங்கிவிட்டார். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி "உம்மோடும் இருப்பாராக" என்று இழுத்தார், கோவில் மொத்தமும் பின்னால் வந்தது. "தூயவர் தூயவர்" வந்தபோது கூரையில் ஓடு போயிருந்த இடத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது, கீழே முந்நூறு பேர் ஒரே குரலாகப் பாடினார்கள். கொயரில் பாதிப் பேர் வரவே இல்லை, அன்று யாரும் எங்களைத் தேடவும் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீனை ஒழித்துவிட்டது என்கிறார்களே?

ஒழிக்கவில்லை. உலகத்து ஆயர்கள் கூடிய அந்தச் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு 1963 டிசம்பர் 4 அன்று வெளியானது. 36ஆம் பத்தி இலத்தீன் வழிபாட்டு முறைகளில் இலத்தீன் மொழி காப்பாற்றப்பட வேண்டும் என்கிறது, அதே மூச்சில் மக்கள் மொழிக்கு இன்னும் இடம் தரலாம் என்றும் சொல்கிறது. 54ஆம் பத்தி, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ தெரிந்திருக்கும்படி ஏற்பாடு செய்யச் சொல்கிறது. 116இல் கிரகோரியன் பாடலுக்கு முதன்மை இடம். 119இல் மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு.

லத்தீன் பிரியர்கள் 36ஐயும் 116ஐயும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் 119ஐ மட்டும் ஒப்பிப்பார்கள். 116உம் 119உம் ஒரே ஏட்டில், மூன்று பத்தி இடைவெளியில் இருக்கின்றன. சண்டைக்கு வருகிறவர்களிடம் முழுதாகப் படித்தாயா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பழைய லத்தீன் பூசை பார்க்க ஆசை. எங்கே நடக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "லத்தீன் பூசை" என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். இன்று நாம் காணும் பூசை திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட திருப்பலிப் புத்தகத்தின்படி 1969 திருவருகைக்கால முதல் ஞாயிறு, நவம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூலமே லத்தீன்தான், அதை லத்தீனில் நிறைவேற்றத் தடை எதுவும் இல்லை. இன்னொன்று அதற்கு முந்தைய முறை. 1570இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட புத்தகத்தின் வழி வந்தது, கடைசிப் பதிப்பு 1962. யூடியூபில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

பழைய முறைக்கு 2007இல் பதினாறாம் பெனடிக்ட் வாசலை அகலத் திறந்தார், 2021 ஜூலையில் பிரான்சிஸ் அதைச் சுருக்கி ஆயரின் அனுமதிக்கு உட்படுத்தினார். பங்குக் கோவிலில் வைக்க உரோமையின் அனுமதியும் வேண்டும் என்று 2023இல் தெளிவுபடுத்தினார்கள். அதனால் ஆசைப்பட்டவுடன் உங்கள் பங்குச் சாமியாரால் வைத்துவிட முடியாது, அவரைத் திட்டாதீர்கள். வாட்ஸப்பில் முகவரி வந்தது என்று எங்காவது கிளம்பிப் போவதற்கு முன்னால் அது ஆயர் அறிய நடக்கிற பூசையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் வேறு மொழியில் பூசை எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால், துய்மா வீதியில் கடற்கரைப் பக்கமாக நிற்கும் தேவதூதர்களின் அன்னை கோவிலில் பிரெஞ்சுப் பூசை காணலாம். நம்ம சனம் கப்ஸ் கோவில் என்று சொல்வது அதைத்தான், கப்புச்சின் சாமியார்களால் வந்த பெயர். சொல் புரியாவிட்டாலும் இப்போது எந்த இடம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், அந்த அனுபவத்துக்காகவே ஒரு தடவை போய் வரலாம்.

கீரியே எலெயிசோன் லத்தீன்தானே?

கிரேக்கம்.

கிரகோரியன் பாட்டு வெள்ளைக்காரச் சங்கீதம். நம்ம வாய்க்கு வருமா?

வரும், நாம் நினைப்பதைவிடச் சுலபமாகவே வரும். விருத்தம் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? தாளம் கிடையாது, சொல்லின் அசைவுக்குத் தக்கபடி ராகம் நீளும், அர்த்தம் முடியும் இடத்தில் நிற்கும். கிரகோரியன் பாடலும் இந்தக் குடும்பம்தான். ஒற்றைக் குரல் மெட்டு, ஒத்திசைக் குரல்கள் இல்லை, ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று எண்ணுவது இல்லை. மேல்நாட்டுப் பாட்டு படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் இதில் திணறுவார்கள். காலால் தாளம் தட்டிப் பழகிய கால் நிற்காது. வீட்டில் தாத்தா விருத்தம் பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டாம் நாளே பிடித்துவிடும்.

விருத்தம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கும் இல்லை. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவிலுக்கு வழிவகுத்த வீரமாமுனிவர் சூசையப்பரைப் பற்றிப் பாடிய தேம்பாவணியில் 3615 பாட்டு, விருத்தத்தில் ஓடும் காப்பியம். இத்தாலியில் பிறந்த ஒரு சேசு சபைச் சாமியார் நம் யாப்பில் அவ்வளவு பாட முடிந்தது என்றால் நம் பிள்ளைகள் நான்கு வரி லத்தீன் பாட முடியாதா? அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சௌகரியம், எட்டு சுர அமைப்புகள். அதில் முதல் அமைப்பின் சுரவரிசை நம் கரகரப்பிரியாவோடு ஒட்டும், மூன்றாம் அமைப்பு தோடியோடு, ஏழாம் அமைப்பு அரிகாம்போதியோடு. ராகம் என்றே சொல்லிவிட முடியாது, கமகம் கிடையாது, போக்கு வேறு. ஆனால் காதுக்கு அந்நியமாக இருக்காது. பெரியவர்களுக்கு இன்னும் நினைவில் இருக்கும் 'தே ஆஞ்செலிஸ்' பூசையின் கீரியே கிட்டத்தட்ட சங்கராபரணச் சுரங்களில்தான் போகிறது. அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமலே நம்மவர்கள் அதை அவ்வளவு ஆசையாகப் பாடியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஐந்து கோடு இருக்காது, நான்குதான். குறிகள் சதுரச் சதுரமாக இருக்கும். கோட்டின் இடது ஓரத்தில் ஒரு குறி, 'தோ' எங்கே இருக்கிறது என்று காட்டும். உங்கள் சுருதிக்கு எங்கே வேண்டுமானாலும் 'தோ'வை வைத்துக்கொள்ளலாம், நம் ச போலவே. நான் கரும்பலகையில் நான்கு கோடு போட்டு ச ரி க ம என்றே எழுதித் தருவேன். எங்கிருந்து தொடங்குவது என்றால், 1974இல் ஆறாம் பவுல் 'யூபிலாத்தே தேயோ' என்று ஒரு சின்ன பாட்டுத் தொகுப்பை ஆயர்களுக்கு அனுப்பினார், ஒவ்வொரு பங்கும் குறைந்தபட்சம் இதையாவது தெரிந்துவைத்திருக்கட்டும் என்று. அதிலிருந்து ஒரு சாங்துஸும் ஓர் ஆஞ்ஞுஸ் தேயியும் எடுங்கள். ஒரு வருடத்துக்கு அது போதும்.

நற்கருணை ஆசீரில் 'தாந்தும் எர்கோ' பாடுவதா, 'மாண்புயர்' பாடுவதா?

இரண்டும் ஒரே பாட்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் நற்கருணைத் திருநாளுக்காக எழுதிய பாடலின் கடைசி இரண்டு சரணங்கள்தான் 'தாந்தும் எர்கோ'. "மாண்புயர் இவ்வருட்சாதனத்தைத் தாழ்ந்து பணிந்து ஆராதிப்போம்" என்பது அதன் தமிழ். அந்தப் பாடலின் தொடக்கம்தான் பெரிய வியாழன் இரவு நற்கருணையை எடுத்துச் செல்லும் பவனியில் நாம் பாடும் "பாடுவாய் என் நாவே". நான் ஒரு மாதம் லத்தீன், ஒரு மாதம் தமிழ் என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். லத்தீன் வரும்போது எங்கள் ஊர் மீனவப் பெண்கள் தாள் பார்க்காமல் பாடுவார்கள், படித்த பிள்ளைகள்தான் போனில் தேடிக்கொண்டிருக்கும்.

சினிமா மெட்டில் சாமி பாட்டு பாடலாமா? பாட்டு நன்றாக இருக்கிறதே.

பாட்டு நன்றாக இருப்பதுதான் சிக்கல். மெட்டு எடுத்தவுடன் கோவிலில் உட்கார்ந்திருப்பவர் மனதில் கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றுகிறார்கள், நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும் அவர்கள் நிற்க மாட்டார்கள். பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22இல், பாடகர்களின் பாதுகாவலியான செசிலியம்மாள் திருநாளில், எழுதிய கடிதத்திலேயே நாடக மேடை இசை கோவிலுக்குள் வருவதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அவருக்கு ஓப்பரா, நமக்கு சினிமா. ஊர்த் திருவிழா மேடையில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், பிக்னிக் போகும் பஸ்ஸில் பாடுங்கள், யார் தடுத்தார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. முதல் வாசகத்துக்குப் பிறகு பதிலுரைப் பாடலுக்குப் பதிலாகத் "தியானப் பாட்டு" என்று ஏதோ ஒரு பக்திப் பாட்டைப் பாடுவது எங்கும் நடக்கிறது. அது சரியில்லை. அங்கே வர வேண்டியது விவிலியத் திருப்பாடல். அதுவே இறைவார்த்தை, வாசகத்துக்கு அப்புறம் வரும் இடைவேளை இல்லை. அதேபோல் "உன்னதங்களிலே" வர வேண்டிய இடத்தில் அந்தச் சொற்களையே பாட வேண்டும், அதே கருத்துள்ள வேறு பாட்டு என்றால் ஒப்பாது.

பாடகர் யாரும் வரவில்லை. பென்டிரைவில் பாட்டைப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பதிவு செய்த இசையை வழிபாட்டில் ஓட விடக் கூடாது என்று 1958லேயே சொல்லிவிட்டார்கள், அப்போது பென்டிரைவ் இல்லை, கிராமபோன் தட்டு. காரணம் எளிது: பெட்டி செபிக்காது. வீட்டில் அம்மா செபிக்க வேண்டிய செபமாலையை டேப்பில் போட்டுவிட்டுச் சமைக்கப் போவது மாதிரி அது. நான்கு பேர் வந்திருந்தால் நான்கு பேர் பாடுங்கள். யாருமே வரவில்லையா, "தூயவர்" மட்டும் பாடிவிட்டு மற்றதைப் பேச்சாகவே விடுங்கள்.

தவக்காலத்தில் கீபோர்டை மூடிவிட வேண்டுமா?

முழுக்க மூட வேண்டாம். பாட்டைத் தாங்குவதற்கு மட்டும் வாசிக்கலாம், தனி வாசிப்பு கூடாது. நான்காம் ஞாயிறும், இடையில் வரும் பெருவிழா, விழாக்களும் விதிவிலக்கு. மார்ச் 19 சூசையப்பர் திருநாளில் கொஞ்சம் தாராளமாக வாசிக்கலாம். அல்லேலூயா தவக்காலம் முழுக்கக் கிடையாது, எந்தத் திருநாள் வந்தாலும் கிடையாது.

தவக்காலம் இல்லாத நாட்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த ஆட்டோ ரிதம் பட்டனை அமுக்காதீர்கள். ஆர்கன் ஓசையில் சுருதியைப் பிடித்துக் கொடுத்தால் போதும். ஆர்மோனியம் 1842இல் பாரிசில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி, பிரெஞ்சுச் சாமியார்கள் ஆண்ட மண்ணில் அது வந்து சேர அதிக நாள் ஆகியிருக்காது. எங்கள் சாமியறை மூலையிலும் ஒரு கால் ஆர்மோனியம் துருத்தித் தோலை எலி தின்றபடி கிடக்கிறது. அதில் ரிதம் பட்டன் இல்லை, அந்த வகையில் அது கீபோர்டைவிடப் பக்தியுள்ள கருவி.

பெரிய வாரத்தில் எது எதைக் கட்டாயம் பாட வேண்டும்?

கொயருக்கு வருடத்தின் பரீட்சை அதுதான். பெரிய வியாழன் "உன்னதங்களிலே" பாடும்போது எல்லா மணியும் அடிக்கும், அதோடு நின்றுவிடும். அடுத்த மணிச் சத்தம் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவில் அதே பாட்டு வரும்போதுதான். இடையில் மணிக்குப் பதில் மரக்கட்டை. பீடச்சிறுவர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள், இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய வெள்ளியன்று சாமியார் சிலுவையைத் தூக்கி "திருச்சிலுவை மரம் இதோ" என்று மூன்று முறை பாடுவார், ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட உயர்ந்த சுருதியில். இங்கேதான் ஆபத்து. சாமியார் உற்சாகத்தில் முதல் தடவையே உச்சத்தில் எடுத்துவிட்டால் மூன்றாவதற்கு ஆகாயம்தான் மிச்சம், "வருவீர் ஆராதிப்போம்" என்று சனங்கள் கீச்சிடுவார்கள். அவருக்கு முந்தின நாளே தாழ்ந்த சுருதியை மெல்ல முனகிக் காட்டிவிடுங்கள், பெரும்பாலான சாமியார்கள் சந்தோஷமாகவே கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் சிலுவை முத்தத்தின்போது "எனது சனமே, நான் உனக்கு என்ன தீங்கு செய்தேன்". இதை அவசரப்படுத்தாதீர்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாட்டு அதைத் தாங்கும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பழைய வியாகுலப் பிரசங்கத்தை இன்னும் ராகம் போட்டு வாசிக்கிற பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். ஒப்பாரியும் வசனமும் கலந்த ஒரு நடை, தமிழ் கேட்டிராதவனுக்கும் தொண்டை அடைக்கும். இது பூசைக்குள் வருவதில்லை, பெரிய வெள்ளிச் சடங்குக்கு வெளியே, இரவில். போனில் பதிவு செய்து வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எனக்கு ராகம் சொல்லித் தருவதாகச் சொன்ன உபதேசியார் அடுத்த தவக்காலத்துக்கு இல்லை.

பாஸ்கா இரவில் "வானகத் தூதர் அணி மகிழ்வதாக" என்று தொடங்கும் புகழுரையை யாராவது பாடியே ஆக வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய பாட்டு, வருடத்தில் ஒரே ஒரு முறை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். சாமியாருக்குப் பாட வராவிட்டால் பாடத் தெரிந்த ஒரு பொதுநிலையினர் பாடலாம். வாசித்து மட்டும் தள்ளிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தவில், நாதஸ்வரம், மிருதங்கம் எல்லாம் கோவிலுக்குள் வரலாமா? இந்துக் கோவில் மாதிரி ஆகிவிடாதா?

கருவிக்கு ஞானஸ்நானம் தேவையில்லை. சங்கம் இலத்தீன் திருச்சபையில் குழல் ஆர்கனுக்குப் பெருமதிப்புக் கொடுத்துவிட்டு, மற்ற கருவிகளும் கோவிலின் மாண்புக்குப் பொருந்தினால் வரலாம் என்றது. 1969 ஏப்ரலில் இந்தியாவுக்கென்று உரோமை ஒப்புதல் கொடுத்த பன்னிரண்டு பண்பாட்டு மாற்றங்களில் கை கூப்புவது, ஆரத்தி எடுப்பது எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பெங்களூரிலிருந்து இந்த வேலையை முன்னின்று செய்த அமலோற்பவதாஸ் சுவாமிகள் நம் புதுவை மறைமாவட்டத்துப் பிள்ளை, கல்லேரிக்காரர், கர்தினால் லூர்துசாமியின் தம்பி. அவரைப் புகழ்கிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு.

என் கருத்து: வில்லியனூர் லூர்து மாதா தேர் புறப்படும்போது மேளம் இல்லாமல் முடியுமா? அது தெருவுக்கு. கோவிலுக்குள் மிருதங்கம் மெல்ல ஒலித்தால் அழகு, தவில் சுவரைப் பிளக்கும். கீர்த்தனை வேண்டுமென்றால் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை நம்மவர், கத்தோலிக்கர். அவர் பாட்டைக் கச்சேரி வித்துவான்கள் பாடுகிறார்கள், நம் கொயருக்குத்தான் தெரியவில்லை.

கல்யாணப் பூசைக்குப் பெண் நடந்து வரும்போது அந்த "டாண் டட்ட டாண்" வாசிப்பீர்களா?

அது வாக்னரின் ஓப்பராவில் வருவது. மாப்பிள்ளை, பெண் கதை அதில் நல்லபடியாக முடியாது, அதையாவது தெரிந்துகொண்டு கேளுங்கள். சண்டை போட்டு மறுப்பதில்லை, பெண் வீட்டாரிடம் ஒரு மாதம் முன்னாலேயே வரச் சொல்லி நான்கு நல்ல திருப்பாடல்களை வாசித்துக் காட்டுவேன், பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள். மீதிப் பேருக்கு வீடியோக்காரர் எடிட்டிங்கில் போட்டுக்கொடுப்பார்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்ற பழைய செபத்தை இன்னும் சொல்லலாமா?

தாராளமாக. "அருள்மிகப் பெற்ற மரியே" என்பது இப்போதைய பொதுவழக்கு, கோவிலில் சேர்ந்து சொல்லும்போது அதையே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி வரிசை ஒன்று, பாதி வரிசை ஒன்று என்று மோதும். வீட்டில் உங்கள் பாட்டி சொன்னபடி சொல்லுங்கள். "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே" என்று அவர் இழுக்கும் ராகம் இருக்கிறதே, அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

முழந்தாளிட்டு நாவில் நற்கருணை வாங்கினால் முறைக்கிறார்கள். உரிமை உண்டா?

உண்டு. 2004இல் வந்த உரோமை அறிவுறுத்தல் இதைத் தெளிவாகச் சொல்கிறது, நாவில் வாங்குவது எப்போதும் உங்கள் உரிமை, முழந்தாளிட்டதற்காக மறுக்கக் கூடாது. நின்று வாங்குகிறவரைப் பார்த்து நீங்களும் முறைக்காதீர்கள்.

எனக்குச் சுருதி நிற்காது. கொயரில் சேரலாமா?

சேருங்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒத்திகை, எட்டுக்குள் முடித்துவிடுவோம். முதல் மூன்று மாதம் மைக் கிடையாது, இரண்டாம் வரிசையில் நின்று பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாட வேண்டும், உங்கள் குரல் தனியாகக் கேட்டால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதலில் கற்றுத் தருவது வருகைப் பாட்டு அல்ல, "உம்மோடும் இருப்பாராக". சிரிக்கிறார்கள், ஆனால் அந்த நான்கு சுரத்தைச் சேர்ந்தாற்போல் ஏற்றி இறக்க இருபது பேருக்கு ஒன்றரை மாதம் ஆகிறது.

கொயரில் சேர விருப்பமில்லை, பூசையில் மட்டும் பாடுவேன் என்றால் இன்னும் நல்லது. முன் வரிசையில் வந்து உட்காருங்கள், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் கேட்காது.